மூன்றாவது மணி

வல்மியெராவில் நீரளவை அலுவலகம். இரவுப் பணி எனக்கு.
ஒரு மேசை, ஒரு ஹீட்டர், பச்சை எழுத்துத் திரை,
அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கிய ஒரு மோடம்.

வந்த புதிதில் அதற்கு எங்கள் தொலைபேசியைப் பிடிக்கவில்லை.
டயல் டோனே இல்லை என்று சாதித்தது.
இருந்தது. காதில் வைத்துக் கேட்டேன்:
பழைய இணைப்பகத்தின் தடித்த முனகல்,
சளி பிடித்த மாடு மாதிரி.
அது பழகிய சுருதி வேறு, அவ்வளவுதான்.
ATX3 என்று தட்டினேன்:
காத்திருக்காதே, குருட்டாம்போக்கில் சுழற்று.
OK என்றது.
நம்பிக்கையை ஓர் எண்ணால் ஊட்டிவிடலாம் என்று
எந்தப் பாதிரியும் எனக்குச் சொன்னதில்லை.

கட்டளைக்குக் கட்டளை முன்னால் AT.
கவனி என்று பொருள்.
கவனி, கூப்பிடு. கவனி, வாயை மூடு.
கவனி, இதுவரை சொன்னதெல்லாம் மற.

நாற்பது கிலோமீட்டர் மேலே, கௌயா ஆற்றங்கரையில்
படகுத்துறை வீட்டுச் சுவரில் ஓர் இரும்புப் பெட்டி.
அதற்குள் இன்னொரு மோடம்.
வீட்டுக்காரர் ஓயார்ஸின் தொலைபேசிக் கம்பிதான் அதற்கும்.
S0=3 என்று வைத்திருந்தோம்:
மூன்று மணி வரை மனிதருக்கு,
அதற்கு மேல் பெட்டிக்கு.
எட்டு மாதத்தில் அவர் ஒருமுறையும் எடுத்ததில்லை.
பெட்டி எடுக்கும், கீச்சிடும், ஓர் எண் தரும், வைத்துவிடும்.
நான் முகம் பாராத ஒருவரை
இரவுக்கு மூன்று மணி அடித்து எழுப்பிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல். பனிக்கட்டி உடையும் வாரம்.
விடியற்காலை மூன்று மணி.
ATDP, பிறகு எண்கள். ஏழுக்கு ஏழு தட்டு, பூஜ்ஜியத்துக்குப் பத்து.
BUSY.
பெட்டிக்கு இந்த நேரத்தில் யாரோடு பேச்சு?
A/ என்றால் சொன்னதையே திரும்பச் செய் என்று பொருள்.
இதற்கு மட்டும் 'கவனி' தேவையில்லை.
BUSY.
A/
BUSY.
விடாக்கண்டியும் கொடாக்கண்டனுமாக இருபது நிமிடம்.

பிறகு மணி போயிற்று.
இரண்டாவதிலேயே எடுத்தாயிற்று.
மோடத்தின் சின்ன ஸ்பீக்கரில்
மூச்சிரைக்கும் ஒரு குரல்:
"கேட்கிறேன்."

எங்கள் ஊரில் போனை எடுத்தால்
அந்தச் சொல்லைத்தான் சொல்வோம்.
மோடத்துக்கு அது சொல்லில்லை.
கீச்சுக்காகக் காத்திருந்தது.
S7 சொன்னபடி ஐம்பது நொடி காத்திருக்கும்.
"கேட்கிறேன்."
நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், வெட்கக்கேடு,
திரையில் எழுத்து வரும் என்று.
"கேட்கிறேன், யாரது?"

ரிசீவரை எடுத்துக்கொண்டு
கையில் பட்ட விசையை அழுத்தினேன்.
NO CARRIER.
ஏந்துவார் இல்லை என்று அது எழுதிய வேளையில்
கம்பி என் கையில் இருந்தது.

"பெட்டி தண்ணிக்குள்ள போயிடுச்சு.
வயரைப் பிடுங்கினது நான்தான்.
இவ்வளவு நேரம் கீழ்க்கரையில தங்கச்சி வீட்டைக் கூப்பிட்டேன்."
எவ்வளவு தண்ணீர், என்றேன்.
"இருங்க."

ரிசீவர் மேசையில் படும் சத்தம். கதவு. நாய்.
அதற்கும் அப்பால் பெரிய சமையலறை ஒன்றில்
தட்டுகள் சரிந்துகொண்டே இருப்பது போல ஆறு.

"அளவுகோலைக் காணோம். படி தெரியுது.
எட்டாம் படி போச்சு. ஒன்பதுல நுரை."

ஒரு படி பதினெட்டு சென்டிமீட்டர், வரைபடத்தில் இருந்தது.
இயந்திரம் மட்டுமே எழுதும் பத்தியில்
ஒற்றை விரலால் 5.84 என்று அடித்தேன்.
மூலம் என்ற கட்டத்தில் மூன்றெழுத்துக்குத்தான் இடம்.
அவர் பெயரை வெட்டிப் போட்டேன்.
பிறகு தீயணைப்புக்காரர்களை அழைத்தேன், கையால் சுழற்றி.

மே மாதம் புதுப் பெட்டியைச் சுவரில் மேலே ஏற்றி மாட்டினார்கள்.
ஆங்கிருந்து டெக்னீஷியன் அழைத்தான்:
S0 ஒன்று போதுமே, ஏன் அந்தாளைத் தொந்தரவு செய்ய?

ஐந்து வை, என்றேன்.
ஒருவர் எழுந்து, கால்சட்டை மாட்டி,
இருட்டில் நாயை மிதிக்காமல் வர
மூன்று மணி போதாது.
&W போட்டுச் சேமித்துவிடு,
மின்சாரம் போனாலும் மறக்காமல் இருக்கட்டும்.